பெயரும் முகவரியும் வெளியே போய்விட்டன. வரிக் கணக்கை இனி என்ன செய்வது?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 31. உப்புவெளியில் வீட்டிலிருந்தபடியே வெளிநாட்டு நிறுவனமொன்றுக்கு கிராஃபிக் டிசைன் வேலை செய்கிறேன். மூன்று வருடமாகச் சம்பளம் யூஎஸ்டிடி ஆகவே, அதாவது டொலர் பெறுமதியோடு கட்டப்பட்ட கிரிப்டோ நாணயமாகவே, வருகிறது. மாதம் ஏறக்குறைய நான்கு இலட்சம் ரூபா. அதை ஒரு வெளிநாட்டுக் கிரிப்டோ பரிமாற்றுத் தளத்தில் பெற்று, பீ-டூ-பீ முறையில், அதாவது தளத்திலுள்ள வேறு ஆட்களுக்கு நேரடியாக, விற்று, என் வங்கிக் கணக்கில் ரூபாவாக எடுப்பேன். போன கிழமை அந்தத் தளம் மின்னஞ்சல் அனுப்பியது. வாடிக்கையாளர்களின் விபரங்கள் களவு போய்விட்டனவாம். என் பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், அடையாள அட்டைப் படம், கொடுக்கல் வாங்கல் விபரம் எல்லாம் அதில் அடங்குமாம். காசு ஒன்றும் குறையவில்லை. நான் இதுவரை வருமான வரிக்கு ஒன்றும் அனுப்பியதில்லை. லண்டனிலிருக்கும் அத்தான் அனுப்பிய காசையும் சில தடவை என் கணக்கினூடாக மாற்றி அக்காவிடம் கொடுத்திருக்கிறேன். நேற்று வட்ஸ்அப்பில் அழைத்த ஒருவர், என் அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொல்லி, இறைவரித் திணைக்களத்தில் என் பேரில் கோப்புத் திறந்தாயிற்று, இன்றைக்கே ஒரு தொகை கட்டினால் மூடிவிடலாம் என்றார். என்னைப் பிடிப்பார்களா? அந்தத் தளத்திலுள்ள கணக்கை உடனே மூடிவிடட்டுமா? (பெயர் வேண்டாம், திருகோணமலை)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் களவுப் பயமும் வரிப் பயமும் ஒன்றோடொன்று சிக்கிக் கிடக்கின்றன, உங்களை அழைத்தவருக்கு வேண்டியதும் அந்தச் சிக்கல்தான். ஆகவே இரண்டையும் பிரித்தே பதில் எழுதுகிறேன். விபரங்கள் களவு போனதால் உங்களுக்குப் புதிதாக ஒரு வரி வந்துவிடவில்லை. வரி உண்டென்றால் அது சம்பளம் கைக்கு வந்த அன்றே உண்டாகிவிட்டது. நீங்கள் அதை வெளியே சொல்லாமலிருப்பதை அறிந்து உங்களை மிரட்டக்கூடியவர்கள் இப்போது கூடியிருக்கிறார்கள் என்பதே புதிய விடயம்.

வட்ஸ்அப்பில் வந்தவர் திருடர். அதில் எனக்குச் சந்தேகமில்லை. இறைவரித் திணைக்களம் ஒருவரிடம் விளக்கம் கேட்பதென்றால், அவருடைய வரி செலுத்துநர் அடையாள இலக்கத்தை, அதாவது நாம் ரின் என்று சொல்லும் இலக்கத்தை, குறிப்பிட்டு எழுத்தில் அறிவித்தல் அனுப்பும். வரியை மதிப்பிட்டு அறிவித்தல் அனுப்பினாலும், அதற்கு ஆட்சேபனை தெரிவிக்கச் சட்டத்தில் கால அவகாசம் உண்டு. பணம் அந்த இலக்கத்தின் பேரில் வங்கியூடாகவோ திணைக்களத்தின் இணையவழிக் கொடுப்பனவு முறையூடாகவோ அரசுக்குச் செல்லுமே தவிர, எவருடைய தனிப்பட்ட கணக்குக்கும் எந்தக் கிரிப்டோ முகவரிக்கும் செல்லாது. இன்றைக்கே கட்டினால் கோப்பை மூடலாம் என்று பேரம் பேசுகிறவர் எந்தக் கந்தோரிலும் இருக்கமாட்டார். அவருக்கு ஒரு சதமும் அனுப்பாதீர்கள், வாதாடவும் வேண்டாம். இலக்கத்தையும் உரையாடலையும் படமெடுத்து வைத்துக்கொண்டு தடைசெய்துவிடுங்கள். இதே ஆள், அல்லது இவரிடமிருந்து உங்கள் விபரத்தை வாங்கிய இன்னொருவர், அடுத்த மாதம் சட்டத்தரணியாகவோ, அந்தத் தளத்தின் பாதுகாப்புப் பிரிவாகவோ, இழந்த காசை மீட்டுத் தருபவராகவோ மறுபடி வரக்கூடும்.

அடையாள அட்டை இலக்கத்தைச் சரியாகச் சொன்னார் என்பதுதான் உங்களை உலுக்கியிருக்கிறது. அந்த இலக்கம் எவ்வளவு பேசும் என்பதைப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும் கொண்ட நம்முடைய பழைய அட்டையில் முதல் இரண்டு இலக்கங்கள் பிறந்த வருடம். அடுத்த மூன்றும் அந்த வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். ஆகவே இலக்கம் மட்டும் கிடைத்தாலே பிறந்த திகதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரிந்துவிடும். உங்கள் விடயத்தில் அட்டையின் படமும் முகவரியும் தொலைபேசி இலக்கமும் சேர்ந்தே போயிருக்கின்றன. வங்கியிலோ தொலைபேசி நிறுவனத்திலோ, நீங்கள்தானா என்று உறுதிசெய்யக் கேட்கும் கேள்விகளுக்கெல்லாம் அவரிடம் விடை இருக்கிறது என்று எண்ணி நடந்துகொள்ளுங்கள்.

இத்தகைய களவு எப்படி நடக்கிறது என்பதற்கு வெளிவந்த ஓர் உதாரணம் உண்டு. 2025 மே மாதத்தில் அமெரிக்காவின் காயின்பேஸ் நிறுவனம், வெளிநாடுகளில் வாடிக்கையாளர் சேவை செய்துவந்த சிலருக்கு இலஞ்சம் கொடுத்து 69,461 பேரின் விபரங்கள் எடுக்கப்பட்டன என்று அறிவித்தது. கடவுச்சொற்களோ நாணயத்தை வெளியே எடுக்கத் தேவையான தனிச்சாவிகளோ போகவில்லை; பெயர், முகவரி, அரச அடையாள அட்டைப் படங்கள், கணக்கு மீதி, கொடுக்கல் வாங்கல் வரலாறு ஆகியவையே போயின. எடுத்தவர்கள் 20 மில்லியன் டொலர் கப்பம் கேட்டார்கள். நிறுவனம் அதைக் கொடுக்க மறுத்து, அதே தொகையைக் குற்றவாளிகளைக் காட்டித் தருபவர்களுக்கு வெகுமதியாக அறிவித்தது. பெட்டகம் உடைக்கப்படாமலே, பெட்டகத்தின் சொந்தக்காரரைப் போய்ப் பேசி ஏமாற்றத் தேவையான அனைத்தும் வெளியே சென்றன. வீட்டு முகவரி போனால் என்ன வரும் என்பதை, கிரிப்டோச் சாவிகளைப் பாதுகாக்கும் கருவிகளை விற்கும் லெஜர் என்ற நிறுவனத்தின் வாடிக்கையாளர்கள் 2020 இல் அனுபவித்தார்கள். ஏறக்குறைய 2,72,000 பேரின் பெயரும் வீட்டு முகவரியும் தொலைபேசி இலக்கமும் அந்த ஆண்டு டிசம்பரில் இணையத்தில் கொட்டப்பட்டன. அடுத்த ஆண்டு சிலருடைய வீட்டுக்குத் தபாலிலேயே போலிக் கருவிகள் வந்து சேர்ந்தன. தபாலில், அழகான உறையில், உங்கள் பெயர் பிழையின்றி அச்சிடப்பட்டு வருவதையும் நம்பக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன்.

இன்றைக்குச் செய்ய வேண்டியவற்றில் முதலாவது தொலைபேசி இலக்கம். உங்கள் அட்டைப் படத்தை வைத்து வேறொருவர் அதே இலக்கத்துக்குப் புதிய சிம் எடுத்துவிட்டால் வங்கியின் ஓடிபி எல்லாம் அவருக்கே போகும். அதனால் தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்கு நேரிலே சென்று, நீங்கள் நேரில் வராமல் சிம் மாற்றிக் கொடுக்க வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்து, அதன் பிரதியில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்து மின்னஞ்சல்: கடவுச்சொல்லை மாற்றி, குறுஞ்செய்திக்குப் பதிலாக அங்கீகாரச் செயலி ஒன்றினால் இரண்டாம் பூட்டுப் போடுங்கள், பரிமாற்றுத் தளத்திலும் அவ்வாறே செய்து, நீங்கள் முன்கூட்டிப் பதிந்த கிரிப்டோ முகவரிக்கு மட்டும் காசு வெளியேறும் வசதி இருந்தால் அதை இயக்குங்கள். உங்கள் வங்கிக் கிளைக்கும் ஒரு கடிதம் கொடுங்கள். அட்டையைக் கையில் பிடித்து எடுத்த செல்ஃபியும் போயிருந்தால், இணையவழிக் கடன் செயலிகளில் உங்கள் பெயரில் யாராவது கடன் எடுக்கவும் இடமுண்டு. சில மாதங்கள் கழித்துக் கடன் தகவல் பணியகத்திடமிருந்து, நாம் கிரிப் என்று சொல்வது, உங்கள் அறிக்கையை எடுத்துப் பாருங்கள்.

பலர் கவனிக்காத இன்னொரு விடயம் இருக்கிறது. யூஎஸ்டிடி ஓடும் ட்ரொன், எதீரியம் போன்ற வலையமைப்புகளின் பேரேடு எல்லோருக்கும் திறந்தது; ஒரு கிரிப்டோ முகவரி தெரிந்தால் அதில் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியும், அது யாருடையது என்பது மட்டுமே தெரியாது. உங்கள் பெயரும், நீங்கள் காசு பெற்ற முகவரியும், அங்கிருந்து வெளியே அனுப்பிய முகவரியும் ஒரே கோப்பில் வெளியேறியிருந்தால் அந்த மறைவு போய்விட்டது. தளத்திலிருந்து உங்கள் சொந்த வொலட்டுக்கு, அதாவது நீங்களே சாவி வைத்திருக்கும் கிரிப்டோப் பணப்பைக்கு, ஏதாவது மாற்றியிருந்தால், அதில் இன்றைக்கு எவ்வளவு இருக்கிறது என்பதையும் உப்புவெளியில் எந்த ஒழுங்கையில் இருக்கிறீர்கள் என்பதையும் ஒரே ஆள் சேர்த்துப் பார்க்கலாம். இனிமேல் பெறுவதற்குப் புதிய முகவரி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் பழைய வொலட்டிலிருந்து நேரே புதியதற்கு மாற்றினால் தொடர்பும் கூடவே வரும் என்பதை மறக்க வேண்டாம். உங்கள் நாணயத்தைப் பாதுகாப்பான வொலட்டுக்கு மாற்றுங்கள் என்று வருகிற எந்த மின்னஞ்சலின் இணைப்பையும் அழுத்தாதீர்கள். சந்தியில், தேநீர்க் கடையில், வட்ஸ்அப் குழுவில் உங்கள் கிரிப்டோக் கதையை நிறுத்துங்கள். பிரான்ஸில் 2025 இல் கிரிப்டோத் துறையினரைக் கடத்திப் பணம் கேட்ட சம்பவங்கள் நடந்தன. நம் ஊரில் அப்படி நடக்கும் என்று பயமுறுத்தவில்லை, வீட்டில் இருப்பவர்களையும் எண்ணி வாயைக் கட்டுங்கள் என்கிறேன்.

களவு போன கோப்பில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பதற்காக அதை எங்காவது தேடித் தரவிறக்கவும் வேண்டாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றங்கள் சட்டம், சட்டவிரோதமாகப் பெறப்பட்டது என்று தெரிந்தும் தரவுகளை வாங்குவதையும் பெறுவதையும் வைத்திருப்பதையும் குற்றமாக்குகிறது. பாதிக்கப்பட்டவர் நீங்கள், அந்த நிலையிலேயே இருங்கள். மிரட்டல் அழைப்பைக் குறித்துப் பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதியை எடுத்து வையுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் வேறொருவர் ஏதாவது செய்திருந்தால், இன்ன திகதியிலேயே நான் சொல்லியிருந்தேன் என்று காட்ட அந்தத் தாள் வேண்டும்.

தளத்திடமிருந்து நட்டஈடு கேட்கலாமா என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் நாட்டில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. ஆனால் குடிமகனுக்கு உரிமை தரும் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த நேரத்தில் ஒத்திவைக்கப்பட்டன. ஆகவே அதை ஆயுதமாக எண்ணி இறங்க வேண்டாம். உங்கள் தளம் ஐரோப்பிய ஒன்றியத்தில் நிறுவப்பட்டதாக இருந்தால் கதை வேறு: அங்குள்ள பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குவிதி, வாடிக்கையாளர் எந்த நாட்டவர் என்று பார்ப்பதில்லை. என்னைப் பற்றி என்னென்ன வைத்திருக்கிறீர்கள், அதில் எவையெல்லாம் போயின என்று எழுதிக் கேட்டால் பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். அந்தப் பதில் நட்டஈட்டை விடப் பெறுமதியானது.

இனி வரி. களவு போன கோப்பு இறைவரித் திணைக்களத்தின் கைக்கு வருமா என்பது உங்கள் மனதில் இருக்கும் கேள்வி. உலகில் அப்படி நடந்திருக்கிறது. லீக்டன்ஸ்டைன் நாட்டின் எல்ஜிடி வங்கியில் வேலை செய்த ஒருவர் எடுத்துச்சென்ற வாடிக்கையாளர் விபரங்களை ஜேர்மன் உளவுத்துறை காசு கொடுத்து வாங்கியது 2008 இல் வெளியே வந்தது. பெரிய பெரிய ஆட்களின் வீடுகள் சோதிக்கப்பட்டன. களவெடுத்த தகவலை வைத்து இப்படிச் செய்யலாமா என்ற வழக்கில், செய்யலாம் என்றே ஜேர்மன் அரசியலமைப்பு நீதிமன்றம் 2010 இல் தீர்ப்பளித்தது. ஆயினும் உங்கள் விடயத்தில் களவுக் கோப்பை விடச் சட்டபூர்வமான வழிகளையே நீங்கள் கணக்கிலெடுக்க வேண்டும். 2017 இல் அமெரிக்க நீதிமன்றம், ஒரே ஆண்டில் 20,000 டொலருக்கு மேல் புழங்கிய ஏறக்குறைய 14,000 கணக்குகளின் விபரத்தை வரித் திணைக்களத்துக்குக் கொடுக்கும்படி காயின்பேஸுக்குக் கட்டளையிட்டது. 2019 இல் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோருக்கு அங்குள்ள வரித் திணைக்களத்தின் கடிதங்கள் போயின. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் அபிவிருத்தி அமைப்பு வகுத்த திட்டத்தின்படி, கிரிப்டோத் தளங்கள் தம் வாடிக்கையாளர்களின் வரி வதிவிடத்தையும் புழக்கத்தையும் திரட்டும் வேலை ஐரோப்பிய ஒன்றியத்திலும் பிரித்தானியாவிலும் 2026 ஜனவரி 1 இல் தொடங்கி, நாடுகளுக்கிடையிலான பரிமாற்றம் 2027 இலிருந்து நடப்பதாக ஏற்பாடு.

அவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை. உங்கள் காசு ரூபாவாக வந்து விழுவது இங்குள்ள வங்கிக் கணக்கில். 2006 ஆம் ஆண்டின் 6 ஆம் இலக்க நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டத்தின்கீழ், 10 இலட்சம் ரூபாவும் அதற்கு மேலுமான காசு, மின்னணுக் கொடுக்கல் வாங்கல்களை வங்கி நிதி உளவறிதல் பிரிவுக்கு அறிவிக்கும். சந்தேகத்துக்கிடமானது என்றால் தொகை எதுவாயினும் அறிவிக்கும். பீ-டூ-பீயில் விற்பவருடைய வங்கிக் கூற்று எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: ஒரே நாளில் 85,000 ஒரு பெயரில், 1,20,000 இன்னொரு பெயரில், 40,000 மூன்றாவது பெயரில், ஒருவரையும் நீங்கள் கண்டதில்லை, விபரம் எழுதும் இடத்தில் ஒன்றுமில்லை, அல்லது வீட்டுச் செலவு என்றிருக்கும். அந்தப் பெயர்களில் ஒன்று ஒரு மோசடி வழக்கோடு தொடர்புபட்டால் முதலில் முடக்கப்படுவது உங்கள் கணக்கு. அந்த நேரத்தில் கேட்கப்படும் முதல் கேள்வி, இது என்ன வருமானம், வரி கட்டினீர்களா என்பதுதான்.

என்ன வருமானம் என்பதற்கு விடை எளியது. நீங்கள் கிரிப்டோ வியாபாரி அல்லர். வடிவமைப்பு வேலை செய்து கூலி பெற்றவர். கூலி ரூபாவில் வந்தாலும் டொலரில் வந்தாலும் யூஎஸ்டிடியில் வந்தாலும் அது 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உண்ணாட்டரசிறைச் சட்டத்தின்படி வருமானமே. இலங்கையில் வதிபவருக்கு உலகில் எங்கிருந்து வந்தாலும் வரி உண்டு. கிரிப்டோவுக்கென்று தனி வரி விகிதம் எதுவும் அந்தச் சட்டத்தில் இல்லை. 30 சதவீதம் வரி, 1 சதவீதம் பிடித்தம் என்று யூடியூப்பில் தமிழில் கேட்டிருப்பீர்கள். அது 2022 இல் இந்தியா கொண்டுவந்த சட்டம். தமிழ்நாட்டு ஆலோசகர் அங்குள்ளவருக்குச் சரியாகத்தான் சொல்கிறார், அதைக் கேட்டுவிட்டு இங்கே கணக்குப் பார்ப்பதுதான் பிழை. என்னிடம் வருகிற பிள்ளைகளில் பாதிப்பேர் அந்த விகிதத்தோடுதான் வருகிறார்கள்.

நம்முடைய சட்டத்தில் உங்களைச் சுடக்கூடிய இடம் வேறு. வெளிநாட்டவருக்குச் செய்யும் சேவைக்கு 2025 ஏப்ரல் 1 முதல் ஆகக்கூடிய வரி 15 சதவீதம். அதற்கு முன்னர் முழு விலக்கே இருந்தது. ஆனால் இரண்டுக்கும் ஒரு நிபந்தனை: அந்தக் கொடுப்பனவு வெளிநாட்டு நாணயத்தில் பெறப்பட்டு வங்கியூடாக இலங்கைக்கு வந்திருக்க வேண்டும். உங்களுடையது வங்கிக்கு வந்தது ரூபாவாக, கண்டியிலோ களுத்துறையிலோ இருக்கும் யாரோ ஒருவருடைய கணக்கிலிருந்து. யூஎஸ்டிடியை வெளிநாட்டு நாணயம் என்று வாதாடலாமே என்பீர்கள். மத்திய வங்கி அதை நாணயமாகவே ஏற்காத நாட்டில் அந்த வாதத்தின் மேல் கையெழுத்து வைக்க நான் தயாரில்லை.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். வருடம் 48 இலட்சம் வருமானம் என்று வைத்து, செலவு எதுவும் கழிக்காமல் கணக்கிட்டால், 2025/26 மதிப்பீட்டாண்டுக்குத் தனிநபர் நிவாரணம் 18 இலட்சம் போக 30 இலட்சம் வரிக்குட்படும். முதல் 10 இலட்சத்துக்கு 6 சதவீதம், அதன் பின் ஒவ்வொரு 5 இலட்சத்துக்கும் 18, 24, 30, மிகுதிக்கு 36 சதவீதம் என்று போனால் வரி 6 இலட்சம் ரூபா. அதே காசு வங்கியூடாக டொலராக வந்திருந்தால், முதல் 10 இலட்சத்துக்கு 60,000, மிகுதி 20 இலட்சத்துக்கு 15 சதவீதமாக 3 இலட்சம், ஆக 3 இலட்சத்து 60 ஆயிரம். முந்திய இரண்டு ஆண்டுகள் இன்னும் கசப்பானவை: 2023/24 இலும் 2024/25 இலும் நிவாரணம் 12 இலட்சம் மட்டுமே, படிகளும் 5 இலட்சத்துக்கொன்று; 48 இலட்சத்துக்கு வரி 8 இலட்சத்து 46 ஆயிரம் வரும், வங்கியூடாக வந்திருந்தால் ஒன்றுமே வந்திராது. மடிக்கணினி, இணையக் கட்டணம், மென்பொருள் சந்தா, மின்சாரத்தில் வேலைக்கான பங்கு ஆகியவற்றுக்குப் பற்றுச்சீட்டு இருந்தால் இந்தத் தொகைகள் குறையும். போனது போகட்டும், அடுத்த மாதச் சம்பளத்தையே ஒரு வெளிநாட்டு நாணயக் கணக்குக்கு வங்கியூடாக அனுப்பச் சொல்லி வாடிக்கையாளருக்கு இன்றைக்கு எழுதுங்கள். அவர் கட்டணம் கூடுதல் என்றால் அந்தக் கட்டணத்தை நீங்களே ஏற்றாலும் உங்களுக்கு இலாபம்.

இதற்கெல்லாம் அடிப்படை ஆவணம், அந்தத் தளத்திலுள்ள உங்கள் முழு வரலாறு. வைப்பு, விற்பனை, எடுப்பு என்று மூன்று கோப்புகளாகத் தரவிறக்க முடியும். மூன்றையும் எடுங்கள், பீ-டூ-பீ விற்பனைப் பட்டியல் பெரும்பாலும் தனியாக இருக்கும். அதில் நேரம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், நம் நேரம் ஐந்தரை மணித்தியாலம் முந்தியது. மார்ச் 31 இரவு ஏழு மணி என்று கோப்பில் இருப்பது இங்கே ஏப்ரல் 1 அதிகாலை பன்னிரண்டரை; நமது மதிப்பீட்டாண்டு ஏப்ரல் 1 இல் தொடங்குவதால் அந்த ஒரு வரி அடுத்த ஆண்டுக்குப் போய்விடும். ஒவ்வொரு வைப்புக்கும் எதிரே வாடிக்கையாளருக்கு அனுப்பிய விலைப்பட்டியலின் இலக்கத்தையும், அன்றைய ரூபாப் பெறுமதியையும், அதை விற்றபோது வங்கியில் விழுந்த தொகையையும் எழுதுங்கள். பெற்ற அன்றே விற்றிருந்தால் கூலியும் விற்பனைத் தொகையும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். மாதக்கணக்கில் வைத்திருந்து ரூபா சரிந்தபோது விற்றிருந்தால் அந்த வித்தியாசத்தைத் தனியே காட்டுங்கள். அதை எந்தத் தலைப்பில் போடுவது என்பது தொகையையும் எத்தனை தடவை அப்படிச் செய்தீர்கள் என்பதையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். காசு களவு போகாததால் நட்டம் என்று கழிப்பதற்கு ஒன்றுமில்லை.

இந்தப் பட்டியல் எதற்கு இவ்வளவு அவசியம் என்றால், வெளியே போன கோப்பிலும் சரி, நாளைக்கு முறைப்படி வரக்கூடிய தகவலிலும் சரி, இருப்பது புழக்கம் மட்டுமே, அதில் எது கூலி என்ற விளக்கம் இராது. உள்ளே வந்தது, ஒரு வொலட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றியது, திரும்பி வந்தது எல்லாம் கூட்டப்பட்டால் 48 இலட்சம் ஒரு கோடியாகத் தெரியும். அது வருமானமல்ல என்று காட்டும் பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

அத்தானின் காசு அங்கேதான் சிக்கல் தரும். உங்கள் கடிதத்தில் அதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிட்டீர்கள். வரியை விட எனக்கு அதுவே கவலை. கோப்பில் அது உங்கள் பெயரில், உங்கள் வைப்பாக, உங்கள் விற்பனையாக இருக்கிறது. அக்காவிடம் காசாகக் கொடுத்திருந்தால் வெளியே போனதற்கு அடையாளமே இல்லை. ஒவ்வொரு தடவையும் எந்தத் திகதியில் எவ்வளவு வந்தது, எப்படி அக்காவிடம் போனது என்று அத்தானின் பக்கத்து வங்கிக் கூற்றோடு சேர்த்து எழுதி, இருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். அதிலிருந்து நீங்கள் தரகோ விகித வித்தியாசமோ எடுக்கவில்லை என்றால் அதையும் எழுதுங்கள். எடுத்திருந்தால் அது வருமானம், அதோடு உரிமம் இல்லாமல் காசு மாற்றினார் என்ற பேச்சுக்கும் இடம் கொடுக்கும். குடும்பத்துக்குள் இரண்டு மூன்று தடவை என்பதற்கும், கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் தெரிந்தவர்களுக்கெல்லாம் மாற்றிக் கொடுத்தேன் என்பதற்கும் தூரம் அதிகம். நீங்கள் முதலாவதிலேயே நிற்கிறீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் கணக்காளரிடம் வருமுன் சட்டத்தரணியிடம் போங்கள். இனி ஒருவருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள், அக்கா கோபித்தாலும் சரி. அத்தான் வங்கியூடாக அக்காவின் பெயருக்கே அனுப்பலாம்.

ரின் இலக்கம் உங்களுக்கு இருக்கிறதா என்று இந்தக் கிழமையே பாருங்கள். அடையாள அட்டை இலக்கத்தை வைத்தே அது எடுக்கப்படுவதால், உங்கள் அட்டை வெளியே போயிருக்கும் இந்த நிலையில் உங்கள் தொலைபேசியும் மின்னஞ்சலும் திணைக்களத்தின் கோப்பில் சரியாகப் பதிந்திருப்பது உங்களுக்குப் பாதுகாப்பு. 2025/26 க்கான வருமான வரி விபரத்திரட்டு 2026 நவம்பர் 30 க்குள் போக வேண்டும். முந்திய ஆண்டுகளுக்கும் சேர்த்து நீங்களாகவே கொடுங்கள். தாமதத்துக்கு வட்டியும் தண்டப்பணமும் வரும், அதைத் தவிர்க்க வழியில்லை. ஆனால் திணைக்களம் கேட்குமுன் தானாக வந்து எல்லாவற்றையும் காட்டியவரும், கேட்ட பிறகு கோப்பைத் தேடியவரும் ஒரே மாதிரி நடத்தப்படுவதில்லை. தொகை முழுவதையும் ஒரேயடியாகக் கட்ட முடியாவிட்டால் தவணை கேட்டு விண்ணப்பிக்கலாம். அடுத்த ஆண்டிலிருந்து ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே மாதங்களின் 15 ஆம் திகதிகளில் காலாண்டுத் தவணையாகக் கட்டுங்கள், பாரம் தெரியாது.

பிடிப்பார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். கிரிப்டோ வைத்திருப்பதைக் குற்றமாக்கும் சட்டம் இலங்கையில் இல்லை. மத்திய வங்கி 2018 இலிருந்து திரும்பத் திரும்ப எச்சரித்து வருவது, அதற்கு ஒழுங்குபடுத்தல் இல்லை, இங்கே எவருக்கும் அந்தத் தொழிலுக்கு அனுமதி கொடுக்கப்படவில்லை, வங்கி அட்டைகளால் அதை வாங்க அந்நியச் செலாவணி விதிகளில் இடமில்லை என்பவற்றையே. நீங்கள் வங்கி அட்டையால் வாங்கவில்லை, வேலைக்குப் பெற்றீர்கள். ஆயினும் வெளிநாட்டு வருமானத்தை வங்கிக்கு வெளியே பெற்றது அந்நியச் செலாவணிச் சட்டத்தின்கீழ் எப்படிப் பார்க்கப்படும் என்பதை ஒரு சட்டத்தரணியிடம் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். அது கணக்காளரின் பேனாவுக்கு அடங்கிய விடயமல்ல.

கடைசியாக, தளத்திலுள்ள கணக்கை மூடுவது. இன்றைக்கு மூட வேண்டாம். மூடினாலும் களவு போனது திரும்பி வராது. பணச்சலவைத் தடுப்பு விதிகளின்படி உங்கள் விபரங்களைத் தளமும் பல வருடங்கள் வைத்தேயிருக்கும். உங்களிடமிருந்து மட்டுமே வரலாறு போய்விடும், வரிக்குக் காட்ட ஒன்றுமில்லாமல் நிற்பீர்கள். முதலில் மூன்று கோப்புகளையும் முதல் நாளிலிருந்து தரவிறக்குங்கள். சில தளங்கள் ஒரு தடவையில் சில மாதங்களை மட்டுமே தரும், ஆகவே துண்டு துண்டாக எடுத்து வங்கிக் கூற்றோடு ஒத்துப் பாருங்கள். தளம் அனுப்பிய களவு அறிவித்தல் மின்னஞ்சலை அழிக்காமல் அச்செடுத்து அதே கோப்பில் வையுங்கள். மீதியாக உள்ள யூஎஸ்டிடியை வெளியே எடுத்த பின்னர், வாடிக்கையாளரின் முதலாவது வங்கிக் கொடுப்பனவு உங்கள் வெளிநாட்டு நாணயக் கணக்கில் வந்து சேர்ந்ததும், அப்போது மூடலாம்.